கோட்டுப்படி ஏறுவது பாவமா?
பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு ஒரு சட்ட வழிகாட்டி



நோயும் மரணமும் ஒரு வீட்டுக்கு வந்தால் பங்கு மக்கள் எல்லோரும் அந்த வீட்டு வாசலில் கூடிவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் பிரிந்தால் அப்படி எவரும் வருவதில்லை. வருகிறவர்களும் ஆளுக்கொரு புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் புத்திமதிகளில் பாதி பிழையானவை. பிழையான புத்திமதியைக் கேட்டு நடந்த தாய்மாரும் பிள்ளைகளும் அதன் விலையை ஆண்டுக்கணக்காகக் கொடுக்க நேரிடுகிறது. ஆதலால் இவ்வாரம் இந்த விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். பாலையூற்றில் ஒரு தாய். கணவருக்குத் துறைமுகத்தில் மாதச் சம்பள உத்தியோகம். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போன கணவர், சீனக்குடாப் பக்கத்தில் வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்துகிறார். வீட்டுக்கு ஒரு சதமும் வருவதில்லை. தாய் காலையில் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் பார்க்கிறாள்.

இந்தத் தாய் மூன்று பிழைகளைச் செய்யக்கூடும். "கோட்டுக்குப் போனால் நற்கருணை வாங்க முடியாது" என்று யாரோ சொன்னதை நம்பிச் செலவுக்காசு கேட்டு வழக்கு வைக்காமல் இருப்பது முதலாவது. பெரியவர்கள் சிலர் கூடி எழுதிய "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்" என்ற கடதாசியில் சண்டை தீர்ந்தால் போதும் என்று கையொப்பம் வைப்பது இரண்டாவது. கணவர் விவாகரத்துக் கேட்டு வழக்குத் தாக்கல் செய்து அழைப்பாணை வரும்போது, "நான் விவாகரத்தை ஏற்காதவள், ஆகவே போகமாட்டேன்" என்று வீட்டில் இருந்துவிடுவது மூன்றாவது. மூன்றும் நல்ல எண்ணத்தால் செய்யப்படுபவை. மூன்றினாலும் நட்டப்படுவது அவளும் பிள்ளைகளுமே.

மூன்று வாசல்கள்

பிரிவு என்னும் துன்பத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் முன் மூன்று வாசல்கள் உண்டு. ஒன்று நீதவான் நீதிமன்றம். மற்றது மாவட்ட நீதிமன்றம். மூன்றாவது திருச்சபையின் திருமணத் தீர்ப்பு மன்றம். ஒவ்வொரு வாசலிலும் கிடைப்பது வேறு. சோறும் பாதுகாப்பும் முதலாவதில் கிடைக்கும். நாட்டுச் சட்டத்தின் முன் கணவன் மனைவி என்ற நிலை, சொத்து, பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவை இரண்டாவதில் தீர்க்கப்படும். திருவருட்சாதனமாகிய திருமணக் கட்டு உண்மையில் உண்டானதா இல்லையா என்பதை மூன்றாவது மாத்திரமே ஆராயும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இதைத் தெளிவாக விளங்கிக் கொண்டால் பயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

நம் நாட்டில் கோவிலில் நடக்கும் திருமணம், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவும் செய்யப்படுகிறது. ஒரே நாளில் ஒரே பீடத்தின் முன் நடந்தாலும், அதற்குத் திருச்சபை முன் ஒரு முகமும் அரசின் முன் ஒரு முகமும் உண்டு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு அரசின் பதிவை மாத்திரமே தொடும். திருச்சபையின் தீர்ப்பு அரசின் பதிவைத் தொடாது.

முதலாவது வாசல்: தாபரிப்பு

ஊர் வழக்கில் "செலவுக்காசு வழக்கு" என்பது சட்டத்தில் தாபரிப்பு வழக்கு எனப்படும். 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வந்தது. போதிய வருமானமுள்ள ஒருவர், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத வாழ்க்கைத் துணையைக் கவனியாது விட்டாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, மாதந்தோறும் பணம் கட்டும்படி நீதவான் கட்டளையிடலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், தம்மைப் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கும், வயது எதுவானாலும் வலுவிழந்த பிள்ளைகளுக்கும் இவ்வுரிமை உண்டு.

இங்கே நன்கு கவனிக்க வேண்டியது ஒன்று. தாபரிப்புக் கேட்பது விவாகரத்துக் கேட்பதாகாது. தாபரிப்புக் கட்டளை பெற்ற பெண் சட்டத்தின் முன்னும் திருச்சபையின் முன்னும் மனைவியாகவே இருக்கிறாள். கணவர் திரும்பி வந்தால் கதவைத் திறப்பதற்கு இந்த வழக்குத் தடையில்லை. ஆகவே, "திருமணத்தை முறிக்க விருப்பமில்லை, அதனால்தான் வழக்கு வைக்கவில்லை" என்று சொல்வோர் இரு வேறு விடயங்களை ஒன்றாக்கிக் குழம்புகிறார்கள். தகப்பன் பிள்ளைக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் எந்தக் கற்பனையும் மீறப்படவில்லை.

மாதச் சம்பளம் பெறுபவராயின், சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழித்து அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்கு நீதிமன்றம் கட்டளையிட முடியும். துறைமுக அதிகாரசபையிலோ, மா ஆலையிலோ, சீமெந்துத் தொழிற்சாலையிலோ, அரசாங்கக் கந்தோரிலோ வேலை செய்வோரின் குடும்பங்கள் இதை முக்கியமாக அறிந்திருத்தல் வேண்டும். கட்டளையை மீறிப் பணம் கட்டாதவருக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். கடற்றொழில், கூலித்தொழில் செய்வோரின் வருமானத்தைக் காட்டுவது சற்றுக் கடினம். வள்ளம், இயந்திரம், வலை யாருடையவை, எந்த வாடியில் மீன் கொடுக்கிறார் என்பவற்றைக் குறித்து வைத்தால் அதுவும் உதவும்.

இனி அந்தக் கடதாசியின் ஆபத்தைப் பார்ப்போம். கணவனும் மனைவியும் இருவரின் சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால், வாழ்க்கைத் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை இடப்படலாகாது என்று அதே 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பிப்பவர் வேறொருவருடன் விபசார வாழ்வு வாழ்ந்தாலும் அப்படியே. ஆகவே "சம்மதித்துப் பிரிகிறோம்" என்ற ஒரு வரி, பின்னர் மனைவியின் செலவுக்காசுக்குக் குறுக்கே நிற்கக்கூடும். அந்தத் தாய் சம்மதித்தா பிரிந்தாள்? கைவிடப்பட்டாள். கைவிடப்பட்டவள் கைவிடப்பட்டேன் என்றே எழுத வேண்டும். பொலிஸ் நிலையத்திலாயினும், கோவில் விறாந்தையிலாயினும், பெரியவர் வீட்டிலாயினும், வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் வைக்க வேண்டாம். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் உரிமை பிள்ளைகளுடையது என்பதையும், தாயின் கையொப்பத்தால் அது அற்றுப் போகாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அடிக்கும் வீட்டில் பொறுமை

"பொறுத்துக் கொள் பிள்ளை, சிலுவையைச் சும" என்று அடிபடுகிற பெண்ணுக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. சிலுவையைச் சுமப்பது வேறு, உயிராபத்தில் நிற்பது வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, துன்புறுத்தப்படுபவர் தாமாகவோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கும். கணவன் நெருங்காதபடியும், வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொந்தரவு செய்யாதபடியும் தடை விதிக்கலாம். இதுவும் திருமணத்தை முறிக்கும் வழக்கன்று.

திருச்சபையும் இதையே சொல்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டம், ஒருவர் தம் துணைக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ கடும் ஆபத்தை விளைவித்தால் மற்றவர் பிரிந்து செல்ல நியாயமான காரணம் உண்டு என்கிறது. வழமையாக ஆயரின் அனுமதி பெற வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்ற நிலையில் தாமாகவே பிரியலாம். திருமணக் கட்டு அப்படியே இருக்கும்.

இரண்டாவது வாசல்: மாவட்ட நீதிமன்றம்

விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில் மாத்திரமே வழங்கப்படும். பொலிசாரோ, கிராம உத்தியோகத்தரோ, மத்தியஸ்த சபையோ, விவாகப் பதிவாளரோ நமக்கு விவாகரத்துத் தர முடியாது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று காரணங்களை மட்டும் ஏற்கிறது. திருமணத்தின் பின் செய்த விபசாரம், வன்மத்துடன் கைவிட்டமை, திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது உறவுக்கு இயலாமை ஆகியவையே அவை. "மனம் ஒத்துப் போகவில்லை" என்பதும் "இருவருக்கும் சம்மதம்" என்பதும் இந்தப் பட்டியலில் இல்லை.

வன்மத்துடன் கைவிடுதல் என்பதைப் பலர் பிழையாக விளங்கிக் கொள்கிறார்கள். வீட்டை விட்டு வெளியேறியவரே கைவிட்டவர் என்று எண்ணி, அடி தாங்காத பெண்கள் தாய்வீட்டுக்குப் போகவும் பயப்படுகிறார்கள். வாழ முடியாதபடி நடந்து மற்றவரைத் துரத்தியவரே கைவிட்டவர் என்று நீதிமன்றங்கள் கொள்கின்றன. படி தாண்டியது யார் என்பதைவிட, அந்தப் படியைத் தாண்டச் செய்தது யார் என்பதே கேள்வி. ஆகவே வெளியேற நேர்ந்தால் அதன் காரணத்தை உடனே பொலிஸ் முறைப்பாட்டில் பதிவு செய்து, முறைப்பாட்டின் பிரதியையும், வைத்தியசாலைக்குப் போயிருந்தால் அந்தத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

விவாகரத்து வேண்டாம், ஆனால் சேர்ந்து வாழவும் முடியாது என்போருக்குச் சட்டம் இன்னொரு வழியும் தருகிறது. குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவின்படி நீதிமுறைப் பிரிவு கேட்கலாம். திருமணம் நிலைத்திருக்கும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் நீங்கும். கத்தோலிக்க மனச்சாட்சிக்கு இது நெருக்கமான வழி எனத் தோன்றும். எனினும் ஒன்றை அறிந்து கொண்டு கேளுங்கள். 1977ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் பின், பிரிவுத் தீர்ப்புக் கிடைத்து இரண்டு ஆண்டுகள் சென்றும் இருவரும் சேர்ந்து வாழாவிட்டால், இருவரில் எவரும் அதை விவாகரத்தாக மாற்றும்படி விண்ணப்பிக்கலாம். ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தால் தானாகவே விவாகரத்து ஆகிவிடும் என்ற பேச்சும் ஊரில் உண்டு. அது தவறு. ஏழு ஆண்டுப் பிரிவைக் காட்டி விண்ணப்பிப்பவரும் மற்றவரின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

அழைப்பாணை வந்தால்

அழைப்பாணை வந்தால் தவறாமல் போக வேண்டும். நீங்கள் போகாவிட்டால் வழக்கு நின்றுவிடாது. மறுதரப்புச் சாட்சியத்தை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கலாம். நீங்கள் செய்யாத குற்றம் உங்கள் பெயரில் எழுதப்படலாம். பிள்ளைகளின் பொறுப்பு, ஜீவனாம்சம், வீடு ஆகியவை பற்றிப் பேசும் சந்தர்ப்பமும் போய்விடும். வழக்கில் தோன்றிப் பதில் சொல்வது விவாகரத்தை விரும்புவதாகாது. தமது விருப்பமின்றி அரச சட்டத்தால் விவாகரத்துச் செய்யப்பட்டவர் ஒழுக்க நெறியை மீறியவரல்லர் என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2386ஆம் இலக்கத்தில் தெளிவாகச் சொல்கிறது.

வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். முடிவில் ஒரு தொகையாகவோ மாதந்தோறுமோ பணம் கொடுக்கும்படியும், சொத்தை எழுதிக் கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். இவற்றை அந்த வழக்கிலேயே கேட்டுவிட வேண்டும். 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டம் வாழ்க்கைத் துணைக்கே உரியது. விவாகரத்து முற்றுப்பெற்றபின் மனைவி என்ற உரிமையுடன் நீதவான் முன் போக முடியாது. பிள்ளைகளுக்காகப் போகலாம்.

பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பதில் பிள்ளையின் நலனே முதன்மையானது. அதனால் பிள்ளையைப் பந்தாக்கி விளையாடும் பெற்றோர் நீதிமன்றத்திலும் நற்பெயர் எடுப்பதில்லை. மற்றப் பெற்றோரைப் பார்க்கவிடாமல் ஒளித்து வைப்பதும், பிள்ளை முன் அவரைப் பழிப்பதும் பிள்ளைக்கே காயம்.

விவாகரத்து ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் இடைக்காலத் தீர்ப்பும், குறைந்தது மூன்று மாதங்களின் பின் இறுதித் தீர்ப்பும் வரும். இறுதித் தீர்ப்பு வருமுன் இன்னொரு திருமணத்தைப் பதிவு செய்வது தண்டனைக்குரிய குற்றம்.

வீடும் காணியும்

நமது பொதுச் சட்டத்தில், கணவன் மனைவியின் சொத்துக்கள் தாமாகவே இரண்டாகப் பிரிக்கப்படுவதில்லை. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவியின் சொத்து மனைவியுடையது. உறுதி யார் பெயரில் என்பதே முதற் கேள்வி. "வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறேன்" என்று கணவர் வாயால் சொன்னாலும் கடதாசியில் எழுதினாலும் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் சாட்சிகளும் கையொப்பமிட்ட உறுதி வேண்டும். நொத்தாரிசு எழுதாத வாக்குறுதியை நம்பி வழக்கை வாபஸ் வாங்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல நம்மிடையே வாழ்கின்றன. அவர்களில் தேசவழமைக்குட்பட்ட மனைவி, சீதனமாகப் பெற்ற காணியையும் கணவனின் எழுத்துச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அவரது சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம் என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாத ஆணை மணந்தால், அத்திருமணம் நிலைத்திருக்கும் வரை அவளுக்குத் தேசவழமை பொருந்தாது. இங்கு வந்து நெடுங்காலம் குடியேறியவருக்கு அது இன்னும் பொருந்துமா என்பது ஒவ்வொருவரின் நிலையைப் பொறுத்தது. ஆகவே உறுதியையும் விவாகப் பதிவையும் கொண்டுபோய்ச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அயலவர் சட்டம் நமது சட்டமன்று

நமது மாவட்டத்தில் பல சமயத்தவரும் பல இனத்தவரும் அருகருகே வாழ்கிறோம். கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம் சகோதரர்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும் உண்டு. கண்டியச் சட்டத்தின்படி மணந்தவர்கள் இருவரின் சம்மதத்துடன் மாவட்டப் பதிவாளர் முன் விவாகரத்துப் பெறலாம். இந்தியாவில் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் கிறிஸ்தவர்களும் இருவர் சம்மத விவாகரத்துக் கேட்கலாம். 1983இன் பின் தமிழ்நாட்டுக்குப் போன உறவினர் "இரண்டு பேரும் கையொப்பம் வைத்தால் போதும்" என்று சொன்னால், அவர் அங்குள்ள சட்டத்தைச் சொல்கிறார். அது பொய்யன்று, ஆனால் நமக்குப் பொருந்தாது.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் கணவர் அங்கே விவாகரத்துப் பெற்றுப் பிரதியை அனுப்பினால், அதை வைத்து இங்கே எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பதிவு செய்து ஏற்பதற்கு 2024இல் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது உங்கள் விடயத்துக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணி ஒருவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாசல்: திருச்சபை

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். கோட்டுப்படி ஏறுவது பாவமா?

கிறிஸ்தவத் திருமணம் பிரிக்கப்படாதது என்பது திருச்சபையின் மாறாத போதனை. அதே திருச்சபை, சட்ட உரிமைகளைக் காக்கவும், பிள்ளைகளைப் பராமரிக்கவும், முதுசத்தைப் பாதுகாக்கவும் அரச விவாகரத்து ஒன்றே வழியாக எஞ்சி நிற்குமானால் அது பொறுத்துக் கொள்ளப்படலாம் என்றும், ஒழுக்கக் குற்றமாகாது என்றும் மறைக்கல்வி நூலின் 2383ஆம் இலக்கத்தில் கற்பிக்கிறது. அரச விவாகரத்துப் பெற்றும் மறுமணம் செய்யாது வாழ்பவர் நற்கருணை வாங்கத் தடையில்லை என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுக் குடும்பம் பற்றிய மடலில் எழுதினார். அவர்கள் நற்கருணையில் பலம் பெற ஊக்குவிக்கப்பட வேண்டும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வலியுறுத்தினார். ஆகவே அந்தப் பாலையூற்றுத் தாய், தாபரிப்பு வழக்கு வைத்ததற்காகப் பின் வாங்கிலில் ஒதுங்கியிருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. மறுமணம் செய்து வாழ்பவரின் நிலை வேறு. அவர் பங்குத் தந்தையிடம் மனம் திறந்து பேசுவதே முறை.

வழக்குக்குப் போகுமுன் பங்குத் தந்தைக்கு அறிவியுங்கள். பிரிவு பற்றி அரச நீதிமன்றத்தை நாட ஆயர் அனுமதி வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் (1692) சொல்கிறது. அனுமதி கேட்பது உங்கள் மனச்சாட்சிக்கும் ஆறுதல் தரும்.

"கோவில் விவாகரத்து" என்று ஊரில் சொல்வது பிழையான சொல். திருச்சபை விவாகரத்துக் கொடுப்பதில்லை. திருமண நாளன்றே அக்கட்டு உண்மையில் உண்டாகவில்லை என்று நிரூபிக்கப்பட்டால், செல்லாத திருமணம் எனத் தீர்ப்பளிக்கிறது. வற்புறுத்தலாலும் கடும் பயத்தாலும் சம்மதித்தமை, பெரும் வஞ்சகம், திருமணக் கடமைகளை ஏற்க இயலாத கடுமையான உளக்குறை, பிள்ளைகளையோ பிரமாணிக்கத்தையோ தொடக்கத்திலேயே விலக்கி வைத்த எண்ணம் என்பன காரணங்களிற் சில. நன்றாகத் தொடங்கிய திருமணம் பிற்காலத்தில் கெட்டது என்பது மட்டும் போதாது. கணவர் பின்னாளில் வேறு பெண்ணிடம் போனார் என்பதும் தனியே போதாது.

2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் இந்த நடைமுறையை இலகுவாக்கினார். முன்பு இரண்டு மன்றங்கள் ஒரே தீர்ப்பைத் தர வேண்டியிருந்தது. இப்போது மேன்முறையீடு இல்லையெனில் ஒரு தீர்ப்புப் போதும். இயன்றவரை இலவசமாக நடத்தப்பட வேண்டும் என்பதும் அவரது விருப்பம். பணமில்லை என்பதற்காக எவரும் தயங்க வேண்டியதில்லை. இத்தீர்ப்பால் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களாவார்களோ என்று பயப்படவும் வேண்டாம். நல்லெண்ணத்துடன் செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களே என்று 1137ஆம் சட்டம் உறுதி கூறுகிறது.

இவ்வாரமே செய்யக்கூடியவை

உங்கள் வீட்டில், அல்லது உங்கள் சகோதரி வீட்டில் இத்துன்பம் இருக்குமானால், வழக்கு வைப்பதா இல்லையா என்று முடிவு செய்யுமுன் பின்வருவனவற்றைச் செய்து வையுங்கள்.

1. விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் ஒரு கட்டு வையுங்கள். கோவிற் பதிவேட்டுப் பிரதியையும் அரச சான்றிதழையும் தனித்தனியே எடுங்கள். முன்னையது திருச்சபைக்கு, பின்னையது நீதிமன்றத்துக்கு.

2. ஒரு கொப்பியில் மாதச் செலவை எழுதுங்கள். அரிசி, பால்மா, பள்ளிக்கூடச் செலவு, மருந்து, வாடகை எல்லாம் வர வேண்டும். தாபரிப்புத் தொகையைத் தீர்மானிக்க நீதவானுக்கு இது உதவும்.

3. கணவர் அல்லது மனைவி எங்கே வேலை, என்ன சம்பளம் என்பதை இயன்றளவு அறிந்து குறியுங்கள். எப்போது போனார், எப்போது கடைசியாகப் பணம் தந்தார் என்பதற்குத் திகதி எழுதுங்கள்.

4. வருமானம் குறைந்தோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடலாம். பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம் உட்பட, அந்தந்தப் பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் ஆலோசனை கேட்கலாம். சட்டங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், வழக்கு வைக்குமுன் அன்றைய நிலையைச் சட்டத்தரணியிடம் உறுதி செய்து கொள்ளுங்கள்.

5. உயிராபத்து இருந்தால் மேற்சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

சேர்த்து வைக்க முயல்வது நற்செயல். ஆனால் சேர்த்து வைப்பதாகச் சொல்லி ஒரு பெண்ணின் வழக்கை வாபஸ் வாங்கச் செய்துவிட்டு, அடுத்த மாதம் அவள் வீட்டு உலை எரிகிறதா என்று எட்டிப் பாராதிருப்பது நற்செயலாகாது. நாலு பேர் கூடிப் பேசுவதாயின், முதலில் பிள்ளைகளின் செலவுக்கு வழி செய்து, அதன்பின் மனவருத்தங்களைப் பேசுங்கள். ஆண்களுக்கும் இது பொருந்தும். மனைவி விட்டுப் போக, பிள்ளைகளுடன் தனித்து நிற்கும் தகப்பன்மாரும் நம் பங்குகளில் உண்டு. தாபரிப்புச் சட்டம் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாகவே பார்க்கிறது.

அந்தத் தாயின் கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான்: அம்மா, பிள்ளைகளின் சோற்றுக்காக நீங்கள் நீதவான் நீதிமன்றப் படியேறலாம். அந்த வெள்ளைக் கடதாசியில் கையொப்பம் வைக்க வேண்டாம். அழைப்பாணை வந்தால் போய்ப் பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வழமைபோல் பிள்ளைகளுடன் முன் வாங்கிலில் இருந்து பூசை கண்டு, நற்கருணை வாங்குங்கள்.